பசுமைக்குடிலும் அம்மாவின் குடமும்

– இளங்கலைப் பொருளியல், இரண்டாம் ஆண்டு

மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் காய்கறி பயிரிடும் ஆர்வம் நம்மவரிடையே பரவி வருகின்றது. மகிழத்தக்க செய்திதான். ஆயின், பசுமைக்குடில் ஒன்றைக் கட்டிவிட்டால் ஆண்டெல்லாம் காய்கறி கிடைக்கும் என்று நம்பி, அதற்கெனச் சிலர் எழுதும் வரவு செலவுத் திட்டத்தைப் பார்க்கும்போது, பொருளியல் பயிலும் எனக்குச் சில ஐயங்கள் எழுகின்றன. அத்திட்டத்தில் கூரை இருக்கின்றது. குழாய்க் கம்பிகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றும் கை மட்டும் இல்லை!

முதலில் கூரையைப் பற்றிப் பேசுவோம். கண்ணாடிக் குடில் குளிர்நாட்டின் தேவையிலே பிறந்தது. வெயிலை உள்ளே விட்டு, சூடேறிய காற்றை வெளியேற விடாமல் காப்பதே அதன் வேலை. இங்கிலாந்திலும் அது நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பின்னரே நடுத்தர மக்களை அது எட்டத் தொடங்கிற்று. உதகைத் தாவரவியல் பூங்காவில் கண்ணாடி இல்லம் இருப்பதற்கும் பொருள் உண்டு. அங்கே உறைபனி விழும். தஞ்சைச் சமவெளியில் நமக்கு எதற்கு? சித்திரை வெயிலில் வெளியிலேயே 38 பாகை செல்சியஸ். பிளாஸ்டிக் தாள் போர்த்திய சிறு குடிலுக்குள் அது இன்னும் ஏறும். 35 பாகையைத் தாண்டினால் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய்க்கு அத்தகைய குடில் ஒன்றை வாங்கினார். இப்போது அதில் துணி உலர்த்துகிறார்கள், நன்றாகவே உலர்கின்றது.

பூச்சி புகாத வலை அடித்தால் தேனீயும் புகாது என்பதையும் எண்ண வேண்டும். பாகலுக்கும் பூசணிக்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வலைக்குள் வளர்த்தால் நாமே நாள்தோறும் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும்.

நமக்கு வேண்டியது நிழல் மட்டுமே. பத்தடிக்குப் பத்தடி இடத்திற்கு எங்கள் ஊர்க் கடைகளில் விசாரித்து நான் எழுதிய கணக்கு இது: பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை, மேலும் மேற்குப் பக்கமும் மறைக்க 600 ரூபாய், சவுக்குக் கம்பு ஆறு, 900 ரூபாய், கயிறும் கம்பியும் 200 ரூபாய். வலை நான்கு ஆண்டு உழைக்கும், கம்பை இரண்டே ஆண்டில் கரையான் தின்றுவிடும், கயிறு ஆண்டுக்கொருமுறை. தேய்மானத்தை இப்படிப் பிரித்தால் ஆண்டுக்கு 800 ரூபாய். எருவும் விதையும் 1,200 என்று வைத்தால் மொத்தம் 2,000 ரூபாய். இதோடு கணக்கை முடித்துவிடுகிறோம். பெருஞ்செலவு இனிமேல்தான் வருகின்றது.

வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கொண்டால், இந்த நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 45 லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர்க் குடத்தில் மூன்று குடம். அதைச் சுமப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மாதான். நீர் ஊற்றவும் களை பறிக்கவும் நாளுக்கு அரை மணி என்று வைத்தாலும், ஆண்டில் முந்நூறு நாளுக்கு 150 மணி. எட்டு மணி வேலையாகப் பார்த்தால் 19 நாள். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்: 6,384 ரூபாய்! மற்றச் செலவு அனைத்தையும் சேர்த்தாலும் இதன் மூன்றில் ஒரு பங்குதான் வரும். வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான். அந்த அரை மணியில் என் தாயார் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தால் காசு வரும். குடத்தோடு நின்றால் வராது.

‘பெற்ற தாயின் உழைப்புக்குக் கூலி பேசுவதா?’ என்று நண்பர் ஒருவர் சினந்தார். கூலி கொடுக்கச் சொல்லவில்லை. ஏட்டில் எழுதத்தான் சொல்கிறேன். எழுதினால்தான் எதை முதலில் வாங்குவது என்பது தெரியும். கூரைக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறை எடுத்து, 200 லிட்டர் டிரம் ஒன்றை மூன்றடி மேடையில் ஏற்றி, அதிலிருந்து சொட்டு நீர்க் குழாய் விட்டால், அரை மணி வேலை பத்து நிமிடமாகும். டிரம்மையே குடத்தால் நிரப்ப வேண்டிய வீட்டுக்கு, அதாவது தெருக்குழாயை நம்பிய வீட்டுக்கு, இது பயன்படாது. அங்கே தோட்டத்தைப் பாதியாகச் சுருக்கி, பாத்திரம் அலசிய நீரைக் கொண்டு கீரை மட்டும் போடலாம். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் சமையலுக்கு வந்துவிடும்.

‘இவ்வளவு கணக்குக்கு உழவர் சந்தையில் வாங்கிவிடலாமே’ என்றால், காசு ஒன்றையே பார்ப்பவர்க்கு அது சரியான விடைதான். நான் மறுக்க மாட்டேன். பறித்த சூட்டில் குழம்பில் விழும் கத்தரிக்காயின் சுவையைப் பொருளியலில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

வலையை ஆணி அடித்து இறுக்காமல், அவிழ்க்கும்படி கயிற்றால் கட்டுவது நலம். 2018 நவம்பரில் கஜாப் புயல் எங்கள் பகுதித் தென்னைகளையே வேரோடு சாய்த்தது, வலை எம்மாத்திரம்? ஐப்பசி பிறந்ததும் அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் வைத்துவிடலாம். மழை மூட்டத்தில் செடிக்கு நிழல் வேண்டியதில்லை. வலையும் கூடுதலாக ஓராண்டு உழைக்கும்.