நம் வீட்டுக் காவல் யார் கையில்?

வாயிலிற் காவலனை நிறுத்துகின்றவர், அக்காவலன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்பதை முதலில் அறிதல் வேண்டும். கூலி கொடுப்பவர் ஒருவர், ஆணையிடுபவர் வேறொருவர் என்றால் அது காவலாகாது. இந்த எளிய உண்மையை நம் மக்களுக்கு நினைவூட்ட வேண்டிய அவசியம் இன்று ஏற்பட்டிருக்கின்றது.

பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் முதியோர் தனித்திருக்கும் வீடுகளிலும், நீரிறைக்கும் மோட்டரும் விளைபொருளும் கிடக்கும் தோட்டக் கொட்டில்களிலும் கம்பியில்லாக் கமராக்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. கம்பிவழி இணையம் எட்டாத இடங்களில், சிம் அட்டை இட்ட ரவுட்டரே அவற்றுக்குத் துணை. களவுக்கு அஞ்சி ஒருவர் தம் பணத்தைச் செலவிடுவதை நாம் குறை கூறவில்லை. வாங்குபவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விற்பதையே நாம் கண்டிக்கின்றோம்.

முதலாவது, முகவரி பற்றியது. இணையத்தின் பழைய முறை முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல, ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிடுகின்றன. ஓர் ஒழுங்கையிலுள்ள வீடுகள் யாவற்றுக்கும் ஒரே படலை வைத்தாற் போன்றது இது. உள்ளிருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவருக்கோ எந்த வீடு என்று தெரியாது. ரொறன்ரோவிலுள்ள மகன் சுன்னாகத்துத் தாயின் முற்றத்தை நேராகப் பார்க்க முயன்றும் இயலாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இத்தடையைக் கடப்பதற்காகக் கமரா தானே வெளியே சென்று, தன்னைச் செய்த நிறுவனத்தின் சேவையகத்துடன் ஓயாது தொடர்பு வைத்திருக்கின்றது. மகனையும் கமராவையும் இணைத்து வைப்பது அச்சேவையகம். நேர்வழி அமையாதபோது படமே அதனூடாகச் செல்கின்றது. அந்த நிறுவனம் எந்த நாட்டிலுள்ளது, படங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கும், நாளை அது கடையை மூடினால் நம் கமரா என்னவாகும்? விலை கேட்கும்போதே இவற்றையும் கேட்க நமக்கு உரிமையில்லையா?

இரண்டாவது, செலவு. நொடிக்கு 1 மெகாபிற் வீதம் ஒரு கமரா இடைவிடாது படம் அனுப்பினால், நாளொன்றுக்கு 10.8 ஜிகாபைற்றும் 30 நாளில் 324 ஜிகாபைற்றும் தீரும். கமரா நான்காயின் செலவும் நான்கு மடங்கு. மாத நடுவில் டேட்டா முடிந்து கமரா குருடானால், குற்றம் யாருடையது? அசைவு கண்டபோது மாத்திரம் படம் அனுப்புமாறு அமைத்துக்கொள்வதே கமக்காரருக்கு ஏற்றது.

மூன்றாவது, நம்பகம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றால், மின்கலத் துணையில்லாத ரவுட்டரும் நிற்கும். இணையத்தை மட்டும் நம்பிய காவலும் அத்துடன் நிற்கும். படத்தைத் தன்னுள்ளேயே பதியும் மெமரி அட்டையும், ரவுட்டருக்கும் கமராவுக்கும் மின்கலமும் இல்லாத காவல் அரைக் காவலே. மேலும், இத்தகைய கமராக்களிற் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். அந்த அலையும் சுவர்களைக் கடந்து தூரத்துக் கிணற்றடி வரை செல்லும் என்று எதிர்பார்த்தல் வீண். அங்கே தனக்கென சிம் அட்டை கொண்ட கமராவே பொருந்தும்.

நான்காவது, பூட்டு. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் 2016இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவிற் பெயர்பெற்ற இணையத்தளங்கள் பலவற்றை அது முடக்கிற்று. களவைத் தடுக்க வைத்த கருவிகளே கள்வரின் படையாயின!

சட்டம் என்ன சொல்கின்றது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் முற்றிலும் தம் வீட்டுத் தேவைக்காகச் செய்வனவற்றுக்குப் பொருந்தாது. ஆயின் கமரா அயலவரின் கிணற்றடியையும் பொது ஒழுங்கையையும் பார்க்குமானால், அது முற்றிலும் வீட்டுத் தேவையாகுமா? செக் நாட்டு வழக்கொன்றில், பொது வீதியையும் படம்பிடிக்கும் கமரா முற்றிலும் வீட்டுத் தேவைக்கானதன்று என்று 2014 டிசெம்பர் 11ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் நம் வேலிகளுக்கும் பொருந்தும். நம் கண் நம் வளவோடு நிற்கட்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கமராவின் படம் எந்த நிறுவனத்தினூடாகச் செல்கின்றது என்பதும், எவ்வளவு டேட்டா வேண்டும் என்பதும் வாங்குபவர் வாசிக்கும் மொழியிற் பெட்டியிலேயே எழுதப்படல் வேண்டும். வீட்டு இணையம் விற்கும் நிறுவனங்கள், தனி முகவரி உண்டா இல்லையா என்பதையும், படம் அனுப்பும் திசையில் வேகம் எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்திற் குறித்தல் வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் என்னும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்பிரில் 29 முதல் அதனைச் சட்டத்தினால் தடுத்திருக்கின்றது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

அரசாங்கம் விழிக்கும் வரை நாம் உறங்குதல் தகாது. கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். ரவுட்டர் இடங்கொடுத்தால் கமராவை விருந்தினர் வலையமைப்பில் ஒதுக்கி வையுங்கள். களவு நடந்தால், பழைய பதிவின்மேற் புதியது எழுதப்படுமுன் மெமரி அட்டையைக் கழற்றிப் பேணுங்கள். படுக்கையறையில் எக்கமராவையும் வையாதீர்கள். வீடு நம்முடையது, அதைக் காக்கும் கண்ணும் நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.