நோட்டீஸ்ல இல்லாத ஒரு வார்த்தை

உள்ளாட்சித் தேர்தல்னு அறிவிச்சுட்டா போதும், நெமிலி பக்கம் எல்லா நோட்டீசும் ஒரே அச்சுதான். தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணி, கடைசியா "விலைவாசி குறையப் பாடுபடுவேன்". உரிமைங்கற வார்த்தையை பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். கேட்டா, "அதெல்லாம் பெரிய அரசியல் சார், முதல்ல வயித்துப்பாட்டைப் பார்ப்போம்"கறாங்க.

சரி, வயித்துப்பாட்டையே பார்ப்போம். கேஸ் விலையையோ பருப்பு விலையையோ பேரூராட்சித் தலைவரால குறைக்க முடியுமா? முடியாது. முடியாததை நோட்டீஸ்ல போடறாங்க. முடியறதைப் பத்தி மூச்சு விடமாட்டாங்க. 2022 பிப்ரவரி 19ல நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு. ஏப்ரல் மாசமே சொத்து வரியை ஏத்தியாச்சு. பேரூராட்சியில 600 சதுர அடிக்குள்ள இருக்கற சின்ன வீட்டுக்கே 25 சதவீதம், 1800க்கு மேல போனா 100 சதவீதம். ஓட்டு கேட்டு வந்தப்ப இதை யார் சொன்னாங்க?

சுத்துப்பட்டு கிராமங்களுக்கு வாங்க. 2024-25ல நூறு நாள் வேலைக்குக் கூலி 319 ரூபாய். 2025 ஜனவரியில தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலி பாக்கி மட்டும் 1,056 கோடின்னு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பாக்கி வெச்சது டெல்லின்னே வெச்சுக்குவோம். ஆனா எங்க வேலை நடக்குது, எந்தத் தெருவுக்கு முதல்ல குழாய் போகுதுங்கறதெல்லாம் ஊர்ல முடிவாகற சமாச்சாரம்தானே? அதைக் கேட்கத்தான் கிராம சபை. 2022ல இருந்து வருஷத்துக்கு ஆறு முறை. அங்க எழுந்து நின்னு கேள்வி கேட்க எல்லாத் தெருக்காரங்களாலயும் முடியுதா? இங்கதான் உரிமை வருது, மக்களே.

தலைவருக்கே அந்த உரிமை இல்லாத கதையும் உண்டு. 2019 வரைக்கும் நம்ம கூட ஒரே வேலூர் மாவட்டத்துல இருந்த ஆம்பூர் பக்கம், நாயக்கனேரி மலை கிராமம். 2021 தேர்தல்ல தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்குன்னு ஒதுக்கினாங்க. மனு போட்ட ஒரே பெண் போட்டியில்லாம ஜெயிச்சாங்க. ஊர்ல எதிர்ப்பு, ஐகோர்ட்ல வழக்கு, மூணு வருஷம் கழிச்சும் பதவியேற்க முடியல. அங்க அவங்க ஓட்டு சொற்பம்தானேன்னு ஒரு வாதம். ஒதுக்கீடு சரியா தப்பான்னு கோர்ட் சீக்கிரம் சொல்லியிருக்கலாமே? நாற்காலியை வருஷக்கணக்கா காலியா வெச்சிருந்தது யாருக்கு நியாயம்? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில தலைவரம்மாவையே தரையில உட்கார வெச்ச போட்டோ 2020 அக்டோபர்ல வெளிவந்து ஊரே பார்த்துச்சு. தலைவருக்கே நாற்காலி இல்லைன்னா, அந்தத் தெருவுக்குத் தண்ணி கேட்டுப் பேசப்போறது யாரு?

அதனால வேட்பாளருங்களே, மூணே மூணு வாக்குறுதி குடுங்க போதும். வரியையோ கட்டணத்தையோ ஏத்தறதுக்கு முன்னாடி கணக்கை மக்கள் முன்னாடி வைப்பேன். குழாய்ப் பட்டியலும் வேலைப் பட்டியலும் தெருவாரியா ஆபீஸ் சுவத்துல எழுதியிருக்கும். தலைவர் பெண்ணோ, தாழ்த்தப்பட்டவரோ யாரா இருந்தாலும் அவங்களே நாற்காலியில உட்காருவாங்க, அவங்களே கையெழுத்துப் போடுவாங்க, அவங்களே கொடியேத்துவாங்க. "தலைவர் வீட்டுக்காரர்"னு ஒரு பதவி சட்டத்துல கிடையாது :)

இதுக்கெல்லாம் பத்து பைசா செலவில்லை. அப்புறமும் நோட்டீஸ்ல போடத் தயக்கம்னா, தெருவிளக்குக் கதையை வேற எங்கயாவது போய்ச் சொல்லுங்க.