கிலோமீட்டர் கணக்கு எனும் மாயை

"உலகம் சுருங்கிடுச்சு சார்"னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு இப்பல்லாம் எரிச்சல்தான் வருது. இணையத்துல ரெண்டு ஊர் பேரைத் தட்டினா போதும், வான்வழித் தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவுன்னு வந்து விழும். தூரத்தை மணிக்கு 900 கி.மீ.ன்னு வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தா தீர்ந்தது. அஞ்சாங்கிளாஸ் கணக்கு. அதையும் நம்பிக்கிட்டுதான் இருக்கோம்.

ஒரே ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோ. பூமி உருண்டை மேல நூல் பிடிச்சு அளந்தா ஏறக்குறைய 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரைக்கும் சைபீரியா மேல பறந்து ஒன்பதரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்தாங்க. கணக்கு சரிதானேங்கறீங்களா? பொறுங்க.

அந்த மாசம் ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின. பதிலுக்கு ரஷ்யா 36 நாட்டு விமானங்களுக்கு மூடியது. மார்ச்சில் ஃபின்ஏர் மறுபடி டோக்கியோவுக்குக் கிளம்பினப்போ பயணம் சுமார் 13 மணி நேரம்! ரெண்டு ஊரும் ஒரு அங்குலம்கூட நகரல. வட துருவத்தைத் தாண்டினதுக்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் வேற கொடுத்தாங்க. சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போறதுக்குச் சான்றிதழ் :-)

இது புதுசும் இல்ல. 1983-ல் ஃபின்ஏர் டிசி-10 விமானத்தை வச்சு இதே தடத்துல இடைநில்லாச் சேவை ஆரம்பிச்சது. அப்பவும் வட துருவம் வழிதான், அப்பவும் சுமார் 13 மணி நேரம்தான். சோவியத் வானம் பூட்டியிருந்தது. அந்தப் பூட்டு விளையாட்டில்லை. அதே வருஷம் செப்டம்பர் 1 அன்று வழி தவறி உள்ளே போன கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேரைக் கொன்னாங்க.

நாற்பது வருஷ தொழில்நுட்பம் அத்தனையும் சேர்ந்தும் அந்த மூணரை மணி நேரத்தை மிச்சப்படுத்த முடியல. ஆசியாவுக்குக் குறுக்குவழின்னு ஹெல்சின்கியை வருஷக்கணக்கா விளம்பரப்படுத்தினாங்களே, அந்தக் குறுக்குவழி பூகோளம் கொடுத்த வரமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கொல்லைப்புறமா போக விட்ட அனுமதி. அவன் கதவைச் சாத்தினான், வியாபாரமும் படுத்துடுச்சு.

இன்னொரு கூத்து. அந்த 36 நாட்டுப் பட்டியல்ல சீனா இல்லை. அதனால 2022-க்கு அப்புறமும் லண்டன்–பெய்ஜிங் தடத்துல சீன விமானங்கள் ரஷ்யா மேல நேரா போச்சு, பிரிட்டிஷ் விமானம் சுத்திப் போச்சு. 2024 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்தச் சேவையையே நிறுத்தி வச்சது. ஒரே ரெண்டு ஊர், வால்ல இருக்கிற கொடியைப் பொறுத்து நேரம் மாறுதுன்னா, கிலோமீட்டரை வச்சு நான் என்ன பண்ண?

நம்மாளுங்க இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானை இந்திய விமானங்களுக்கு மூடினதும், டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் அரபிக்கடல் பக்கமா வளைஞ்சு போச்சு. கூடுதல் எரிபொருளுக்கு யார் தலையில கை வைப்பாங்க? டிக்கெட் வாங்குறவன் தலையிலதான்.

அதனால வகுத்தல் கணக்குப் போடும் புண்ணியவான்களே, ஒண்ணு உண்மையான தடத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லுங்க, இல்லேன்னா சும்மா இருங்க. உலகம் சுருங்கல. சில வருஷம் நமக்குக் கதவைத் திறந்து வச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

டிஸ்கி: "எதிர்க்காற்றை விட்டுட்டியே"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: காற்றும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும்தான். ஆனா அது யார்கிட்டயும் பாஸ்போர்ட் கேக்குறதில்ல!