வைக்கத்துப் படகு வழிகாட்டுகிறது!

மின்சாரத்தால் ஓடும் படகா? சீமான்களின் உல்லாசத்துக்கு ஏழைகளின் இயக்கம் ஏன் பரிந்து பேச வேண்டும் என்று கேட்பார் உளர். கேட்கட்டும், தோழர்களே! கேள்வி பிறந்தாலன்றோ தெளிவு பிறக்கும்!

புதுமை என்று மிரள வேண்டாம். 1838-இலேயே, ரஷ்ய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகரில், நீவா ஆற்றில், மின்கலம் கொண்டு படகோட்டிக் காட்டினார் யாக்கோபி என்னும் அறிஞர். பின்னர் எண்ணெய் வந்தது. அதன் இரைச்சலில் மின்படகின் பேச்சு அடங்கிற்று.

அந்தப் பேச்சு நம் பக்கத்தில் மீண்டும் எழுந்தது எங்கே? வைக்கத்தில்! தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் தந்தை பெரியார் சிறை புகுந்தாரே, அதே வைக்கத்தில்! கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை, 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’வை வேம்பநாட்டுக் காயலில் மிதக்கவிட்டது. கூரையிலே கதிரொளியை மின்னாக்கும் தகடுகள். உள்ளே 75 இருக்கைகள். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே பயணம். அது உல்லாசப் படகன்று; ஊர் மக்களின் படகு! 2023 ஏப்ரலில் கொச்சி நகரமே மின்படகுப் போக்குவரத்தைத் தொடங்கிவிட்டது.

எல்லாப் படகுக்கும் இது ஏற்குமா? ஏற்காது! ஏற்குமென்று பசப்புவது நம் வழக்கமன்று. ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு 20 கிலோவுக்கு மேற்பட்ட மின்கலம் வேண்டும். பல நாள் ஆழ்கடலில் தங்கும் மீனவத் தோழன் அதை ஏற்றினால், மீனை எங்கே ஏற்றுவான்? வேகத்தை 2 மடங்காக்கினால், வேண்டும் சக்தியோ ஏறக்குறைய 8 மடங்கு! ஆகவே குறுகிய தொலைவு, நிதான ஓட்டம், நாள்தோறும் திரும்பிவரும் துறை — இம்மூன்றும் எங்குண்டோ, அங்கேதான் மின்படகு நடைமுறைக்கு உகந்தது.

மூன்றும் பொருந்திய இடம், நம் உழவர்கரைக்குத் தொலைவிலன்று; சுண்ணாம்பாறு! நோணாங்குப்பத்துத் துறையில் புறப்பட்டு, முகத்துவார மணற்பரப்பைத் தொட்டுத் திரும்பும் படகுகள், இரவில் துறையிலேயே ஓய்கின்றன. ஓயும் வேளையில் மின்னேற்றலாம். டீசல் புகை ஆற்றின் மேல் கவியாது. எண்ணெய்ப் படலம் அலையாத்தி வேர்களில் ஒட்டாது. ஓட்டுநரின் செவியும் பிழைக்கும்.

முதற்செலவு மிகுதிதான், சில ஆண்டுகளில் மின்கலம் மாற்றும் செலவும் உண்டு. அதனாலன்றோ அரசு முன்வர வேண்டும் என்கிறோம்! தனியாரிடம் தாரைவார்த்துக் கட்டணத்தை ஏற்றாதீர்! படகோட்டிக்குப் பயிற்சி தருக. ஒருவர் வேலையும் பறிபோகாதிருக்க உறுதி தருக!

கதிரவன் காசு கேட்பதில்லை. வைக்கத்தார் கண்ட வழியைப் புதுவை காணத் தயக்கம் ஏன்? ஆள்வோர் விடை கூறட்டும்!