விண்ணப்பமும் பதிவேடும்

மதுரை ஜில்லா அரிட்டாபட்டியின் குன்றுகளும் சுனைகளும் 2022-ஆம் ஆண்டில் பல்லுயிர் மரபுத் தலமென அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பெற்றன. அங்ஙனமிருந்தும், 2024-ல் அத்தலத்தின் ஒரு பகுதியும் அடங்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலமிடப்பட்டது. குடியானவர்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசாங்கத்தார் ஏலத்தை ரத்துச் செய்தனர். அவர்தம் வாதத்திற்கு அம்மரபுத் தல அறிவிப்புப் பெருந்துணையாயிற்று.

நிற்க, அத்தகைய அறிவிப்பில்லாத ஊர்கள் எதனைக் காட்டி வழக்காடும்? ஊரிலுள்ள புள், பூண்டு, நாட்டு நெல் முதலியவற்றைக் குறித்த பதிவேட்டை ஸ்தல ஸ்தாபனங்கள் ஆயத்தஞ்செய்தல் வேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடே. வருத்தத்தை மட்டும் கூறும் விண்ணப்பத்தினும், இவ்வேட்டைச் சான்றாகக் கொண்ட விண்ணப்பமே வலிதென்று நாம் கருதுகிறோம். ஆதலின், தாவர நூலும் விலங்கு நூலும் பயிலும் நம் மாணாக்கர் விடுமுறையில் குடியானவரிடம் கேட்டறிந்து, தத்தம் ஊர் ஏட்டைச் செவ்வனே நிரப்பத் துணைபுரிவாராக. ஏலச்செய்தி வந்தபின் எழுதத் தொடங்குதல் காலங்கடந்ததாகும்.