அறுபது வீட்டுக்கு ஒரு கடன்

ஐந்து மாடிக் கட்டிடம். அதில் அறுபது வீடுகள். வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு மாலை நேரத்தில் கூடுகிறார்கள். பேச்சு ஒன்றே ஒன்றுதான். கட்டிடத்தைச் சீர்படுத்தச் சங்கத்தின் பேரில் பாங்கியில் கடன் வாங்கலாமா, வேண்டாமா?

முப்பத்தைந்து பேர் கை தூக்குகிறார்கள். இருபத்தைந்து பேர் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. வேலை முடிந்ததும் அறுபது வீட்டுக்காரர்களும் மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். கை தூக்காத இருபத்தைந்து பேரும் கட்டித்தான் தீர வேண்டும்!

இது நியாயமா?

எஸ்தோனியா நாட்டில் இந்தக் கேள்வி ஊருக்கு ஊர் எழுகிறது. ஐரோப்பாவின் வடகோடியில், பால்டிக் கடல் ஓரத்தில் இருக்கும் சின்ன நாடு அது. ஜனத்தொகை பதின்மூன்று லட்சத்துச் சொச்சம். அவர்களில் பெரும்பாலோர் அடுக்கு மாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

திறந்த ஜன்னல்

அந்தக் கட்டிடங்கள் சோவியத் ஆட்சியில் எழுந்தவை. தலைநகர் தாலினில் முஸ்தமே என்ற புறநகர் 1962-ல் எழத் தொடங்கியது. தொழிற்சாலையில் சுவரையே பலகை பலகையாக வார்த்தார்கள். லாரியில் ஏற்றி வந்து நிறுத்திப் பூட்டினார்கள். வீடு தயார்! வீடில்லாமல் தவித்த லட்சக்கணக்கான பேருக்கு அது பெரிய வரம். அதை மறுக்க முடியாது.

ஆனால், அந்தச் சுவருக்குக் குளிரைத் தடுக்கும் சக்தி குறைவு. அப்போது அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எரிபொருள் மலிவு. நகரத்துக்குப் பொதுவான கொதிகலன் நிலையத்திலிருந்து வெந்நீர் குழாய் வழியாக வரும். அறையில் உள்ள இரும்புக் கணப்புக்குள் ஓடும். வீடு சூடாகும். அந்தக் கணப்பைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. வெந்நீர் முதலில் நுழையும் வீட்டில் வெக்கை. கடைசி வீட்டில் குளிர். வெக்கை தாங்காதவர் என்ன செய்வார்? ஜன்னலைத் திறந்து விடுவார். வெளியே பனி கொட்டும். உள்ளேயிருந்து சூடு காசாகப் பறக்கும்!

கட்டணமோ வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பப் பங்கு பிரிக்கப்பட்டது. ஜன்னலைத் திறந்தவருக்கும் ஒரே கணக்கு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சிக்கனமாக இருந்தவருக்கும் ஒரே கணக்கு.

1991-ல் நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றது. வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கப்பட்டன. வேலை பார்த்த ஆண்டுகளைக் கணக்கிட்டு அரசு பத்திரம் கொடுத்தது. அந்தப் பத்திரத்தைக் கொடுத்து வீட்டை வாங்கிக் கொண்டார்கள். ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியையும் ஒரே நாளில் வீட்டுச் சொந்தக்காரர் ஆனார்கள்.

சொந்தமானது வீடு. கூரை யாருக்குச் சொந்தம்? வெளிச்சுவர் யாருக்கு? மாடிப்படி யாருக்கு? எல்லோருக்கும்தான். எல்லோருக்கும் சொந்தம் என்றால் கவனிக்க யாரும் இல்லை என்றே பொருள். அதற்காகத்தான் சங்கங்கள் ஏற்பட்டன. 2018 ஜனவரி 1 முதல் அடுக்கு மாடிக் கட்டிடம் ஒவ்வொன்றுக்கும் சட்டப்படியே சங்கம் உண்டு. "நான் சேர மாட்டேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

அடமானம் இல்லாத கடன்

இனிக் கடனுக்கு வருவோம்.

கடன் வாங்குவது சங்கம். தனித்தனி வீட்டை யாரும் அடமானம் வைப்பதில்லை. அப்படியானால் பாங்கி எதை நம்பிக் கொடுக்கிறது? மாதச் சந்தாவைத்தான்! சங்கத்துக்கு ஒவ்வொரு வீடும் ஒழுங்காகப் பணம் கட்டுகிறதா, பாக்கி எத்தனை என்று பார்க்கிறது. பாக்கி குறைவாக இருந்தால் கடன் கிடைக்கும். அறுபது குடும்பங்களின் நாணயம்தான் ஈடு.

2009-ல் கிரெட்எக்ஸ் என்ற அரசு நிறுவனம் பாங்கிகள் வழியாக இதற்கென்றே நீண்ட காலக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. 2010-ல் மானியமும் சேர்ந்தது. கரியமில வாயு உரிமைகளை வெளிநாடுகளுக்கு விற்று வந்த பணம் அது. வெப்பச் செலவில் பாதியை மிச்சப்படுத்தும் வேலை செய்தால் நூற்றுக்கு 35 மானியம். குறைந்த வேலைக்குக் குறைந்த மானியம். 2015-ல் இது நூற்றுக்கு 40 வரை உயர்ந்தது. பின்னர் ஊரைப் பொறுத்து மாற்றினார்கள். தாலின், தார்த்து நகரங்களுக்கு 30. தொலைவிலுள்ள ஊர்களுக்கு 50.

கூட்டத்தில் நடக்கும் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஓர் உதாரணம். சுவருக்கு வெளியே கனத்த பஞ்சுப் போர்வை, புது ஜன்னல், திருகு வைத்த கணப்பு, காற்றுக் குழாய், கூரை எல்லாம் சேர்த்து 15 லட்சம் யூரோ என்று வைத்துக் கொள்வோம். மானியம் நூற்றுக்கு 40 போனால் மீதி 9 லட்சம். அறுபது வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 15 ஆயிரம். இருபது ஆண்டுத் தவணை, வட்டி நூற்றுக்கு 3. அப்படியானால் மாதம் சுமார் 83 யூரோ.

"கணப்புச் செலவில் மிச்சமாகும் பணமே தவணையைக் கட்டிவிடும்" என்று கூட்டங்களில் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. குளிர்காலத்தில் மிச்சம் கணிசமாக இருக்கும். கோடையில் கணப்பே கிடையாது, மிச்சம் எங்கிருந்து வரும்? தவணையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. பல கட்டிடங்களில் மிச்சம் தவணையை முழுதும் ஈடு செய்வதில்லை. இதை மறைத்து வாக்கு வாங்குவது சங்கத் தலைவர்களுக்கு அழகல்ல. அறுபது ஆண்டான கட்டிடம் இடிந்து போகாமல் இன்னும் பல்லாண்டு நிற்க வேண்டும். கடன் அதற்காக. வெப்பம் மிச்சமாவது அதோடு கிடைக்கும் லாபம். உள்ளதை உள்ளபடி சொன்னாலும் கை தூக்க ஆள் இருப்பார்கள்.

வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அந்த நாட்டுக் கடன்களில் பல, ஐரோப்பியப் பாங்கிகளின் பொது வட்டி விகிதத்தோடு பிணைக்கப்பட்டவை. 2022 நடுப்பகுதி வரை அந்த விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது. 2023-ல் நூற்றுக்கு 4-ஐத் தாண்டியது! மேலே சொன்ன உதாரணத்தில் வட்டி 3 என்பது 6 ஆனால், 83 யூரோ 107 யூரோ ஆகிவிடும். வேலைக்குப் போகிறவர் முணுமுணுத்துக் கொண்டே கட்டுவார். பென்ஷனில் காலம் தள்ளும் மூதாட்டி என்ன செய்வார்?

வேண்டாம் என்றவர்

அந்த மூதாட்டிதான் கை தூக்காத இருபத்தைந்து பேரில் ஒருவர். அவரைப் பிடிவாதக்காரி என்று இளைஞர்கள் ஏசுவதுண்டு. அது தவறு. எழுபத்தெட்டு வயதில் இருபது ஆண்டுக் கடனுக்குச் சம்மதி என்றால் யாருக்குத்தான் மனம் வரும்?

என்றாலும், பெரும்பான்மை சொன்னால் எல்லோரும் கட்ட வேண்டும் என்ற சட்டம் சரியானதே. சொந்தக்காரர்களில் பாதிக்கு மேலும், சொத்துப் பங்கில் பாதிக்கு மேலும் சேர்ந்தால்தான் இத்தகைய வேலைக்கு அனுமதி உண்டு. ஒப்பாதவர் கோர்ட்டுக்குப் போகவும் வழி இருக்கிறது. இதற்கு மேல் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒரு கட்டிடத்துக்கும் விடிவு வராது. சுவரில் அறுபதில் ஒரு பங்கை மட்டும் போர்த்தாமல் விட முடியுமா? மேல் மாடிக்காரன் கூரை ஒழுகுகிறது என்று கதறும்போது, "எனக்கு ஒழுகவில்லையே" என்று கீழ் மாடிக்காரன் சொல்லலாமா?

ஆனால், ஒருவர் தலையில் அவர் விரும்பாத கடனைச் சட்டம் ஏற்றுகிறது என்றால், அவரால் முடியாதபோது தாங்கும் கையும் சட்டத்துக்கு இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் லித்துவேனியா ஒரு படி முன்னே போயிற்று. அங்கே ஏழைக் குடும்பங்களுக்குக் கணப்புச் செலவில் அரசு உதவி உண்டு. அத்தகைய குடும்பம் உள்ள கட்டிடத்தைச் சீர்படுத்தினால், அந்தக் குடும்பத்தின் கடன் தவணையை அரசே கட்டுகிறது. மூதாட்டிக்குப் பயம் விட்டது! 2013-க்குப் பிறகு அங்கே வேலை வேகம் பிடித்ததற்கு இது ஒரு காரணம். அதே சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. உதவி பெறுகிறவர் சீரமைப்புக்கு எதிராக வாக்களித்தால் அவருக்குக் கணப்பு உதவி வெட்டப்படும். ஏழையிடம் வாக்கைக் கேட்டுவிட்டு, ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்பது என்ன நியாயமோ!

"இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? அரசே இலவசமாகச் செய்து தரட்டுமே" என்று கேட்பவர்கள் உண்டு. பல்கேரியா அதையும் செய்து பார்த்தது. 2015-ல் முழுச் செலவையும் அரசே ஏற்றது. வீட்டுக்காரர் காலணா போட வேண்டியதில்லை. முதலில் நூறு கோடி லேவா ஒதுக்கினார்கள். பிறகு அது இரண்டு மடங்காயிற்று. முந்திக் கொண்ட கட்டிடங்களுக்கு யோகம். பணம் தீர்ந்ததும் மற்றவர்கள் வரிசையில் நின்றபடியே நின்றார்கள். அடுத்தவன் இலவசமாகப் பெற்றதைக் கண்ட பிறகு கடன் வாங்க எவன் முன்வருவான்?

சொந்தப் பணம் போட்டவன் வேலையையும் கவனிப்பான். எஸ்தோனியாவிலும் ஆரம்பத்தில் தவறு நடந்தது. சுவரையும் ஜன்னலையும் இறுக்கி அடைத்தார்கள். காற்றோட்டத்தை மறந்தார்கள். மூச்சும் சமையல் ஆவியும் வெளியேற வழியின்றி மூலைகளில் பூஞ்சைக் காளான் பூத்தது. 2015-ல் பெரிய மானியத்துக்கு நல்ல காற்றோட்டத்தையும் நிபந்தனை ஆக்கினார்கள். தார்த்து நகரத்தில் சில பழைய கட்டிடங்கள் சுவர் நிறையச் சித்திரங்களோடு இன்று புது மணப்பெண் மாதிரி நிற்கின்றன.

விலை போகாத வீடுகள்

தாலினும் தார்த்துவும் எப்படியோ பிழைத்துக் கொள்ளும். அங்கே வீட்டுக்கு விலை உண்டு. பாங்கிகள் தாமாகவே வருகின்றன.

கிழக்கே கோக்த்லா-யார்வே என்ற ஊர் இருக்கிறது. எண்ணெய்ப் பாறைச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த ஊர். சுரங்கங்கள் மூடப்பட்டன. இளைஞர்கள் வெளியேறினார்கள். அங்கே சில வீடுகளின் விலை சில ஆயிரம் யூரோதான். பழுது பார்க்கும் செலவோ அதைப் போல் பல மடங்கு. எந்தப் பாங்கிக்காரன் துணிவான்? பாங்கி மறுத்த சங்கங்களுக்கு ஈட்டுறுதியும் நேரடிக் கடனும் தர அரசு முன்வந்தது நல்ல காரியம். பணத்தின் பெரும் பகுதி போக வேண்டிய இடமும் இதுதான்.

2050-க்குள் ஏறக்குறைய 14 ஆயிரம் அடுக்கு மாடிக் கட்டிடங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று எஸ்தோனியா திட்டமிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் புதுப்பிக்க முடியாது. சிலவற்றை இடிப்பதே மேல். கோக்த்லா-யார்வேயில் காலியான கட்டிடங்களை இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பாதி காலியான கட்டிடங்களின் கதிதான் பரிதாபம். சொந்தக்காரர் போய்விட்ட வீட்டிலிருந்து சந்தா வராது. மிஞ்சியிருக்கும் சில குடும்பங்கள், ஆளில்லாத அறைகளை உறையாமல் காப்பதற்கும் சேர்த்துக் கணப்புக் காசு கட்டிக் கொண்டிருக்கின்றன. அங்கே கூட்டம் போட்டாலும் கை தூக்க ஆள் போதவில்லை.