பனையோலைக் கைப்பணி: தடைக்குப் பின் கொள்வனவு வேண்டும் – எமது நிலைப்பாடு

2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு தடைசெய்யப்பட்ட பொருள். ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் பூமாலை ஆகியவற்றுக்கும் அன்றே தடை வந்தது. 2017இல் பொலித்தீன் உணவுத்தாளையும் ரெஜிபோம் பெட்டியையும் அரசு நிறுத்தியபோது வரவேற்றது போலவே இதையும் எமது சங்கம் மனமார வரவேற்றது. மண்ணுக்கும் கடலுக்கும் நல்லது. ஓலையும் ஈர்க்கும் பின்னும் எங்கள் உறுப்பினர்களுக்கும் நல்லது என்று நம்பினோம். ஆனால் அவர்களுடைய கைக்கு வந்த வேலை பெரிதாகக் கூடவில்லை.

எனவே எமது நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவிக்கிறோம். அரசு ஒரு பொருளைத் தடைசெய்தால், அதற்கு ஈடாக உள்ளூரில் கையால் செய்யப்படும் பொருளை அரசு நிறுவனங்களே முதலில் வாங்க வேண்டும். அதற்கான விலையை ஓலையின் பெறுமதியை வைத்துப் போடக்கூடாது. இழைப்பவர் செலவிடும் நேரத்தை வைத்துப் போட வேண்டும்.

இந்த இரண்டாவது விடயத்தில்தான் இழுபறி அதிகம். "ஓலைதானே, காணியில் கிடக்கிறதுதானே" என்ற பேச்சைச் சந்தையில் கேட்காத கைப்பணியாளர் இல்லை. ஒரு நீத்துப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். மரத்தில் ஏறிக் குருத்தோலை வெட்ட வேண்டும். அதை விரித்து வெயிலில் காயவிட வேண்டும், மழைக்கும் பனிக்கும் காட்டக்கூடாது. ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை ஒரே அகலமாக வார்ந்து, பிறகுதான் இழைக்கத் தொடங்கலாம். நீத்துப்பெட்டி கூம்பாக ஒடுங்கிப் பானையின் வாயில் இறுக உட்கார வேண்டும். இழை நெருங்கிப்போனால் ஆவி மேலே வராது, பிட்டு அவியாது. இழை தளர்ந்தால் மா கொட்டும். அந்த இடைவெளியை எந்த அளவுகோலும் சொல்லித் தருவதில்லை. அது விரலுக்குத்தான் தெரியும். ஓலை வாசனையோடு இறங்கும் பிட்டின் ருசியை அலுமினியப் பாத்திரம் தராது என்று யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெட்டியை வாங்கும்போது அதே வாய்தான் பேரம் பேசுகிறது. கடகத்துக்கு வேலை இன்னும் கூட. இழைத்தது போதாது, விளிம்பை நாரால் பொத்த வேண்டும். பனை நாரை ஊறவைத்து வளைத்துக் கட்டும் அந்த வேலையில் கை வெடித்துப்போன பெண்கள் எங்கள் சங்கத்தில் பலர். போரில் துணையை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களுள் உண்டு.

ஓலை கிடைப்பதும் முன்போல் இலகுவில்லை. போர்க்காலத்தில் காப்பரண்களுக்காக வடக்கில் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. விதையிட்ட பனை காய்க்கும் பருவத்துக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது செல்லும். நிற்கும் பனையிலும் ஏறுவதற்கு ஆள் குறைந்துவிட்டது. சீவல் தொழிலாளியின் பிள்ளை வேறு தொழிலுக்குப் போவதைக் குறைசொல்ல எமக்கு உரிமையில்லை, அந்த வேலையில் உயிராபத்து உண்டு. ஒரு பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும் என்பதையும் மறக்கக்கூடாது. அதே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை வெட்டினால் மரம் நலியும். ஆகவே ஓலைக் கைப்பணியை வளர்ப்பது என்றால் மரம் ஏறுபவருக்கும் காப்புறுதி, ஏறுவதற்கான பாதுகாப்புக் கருவி, நியாயமான கூலி ஆகியன சேர்ந்தே கிடைக்க வேண்டும். அவரை விட்டுவிட்டு இழைப்பவருக்கு மட்டும் உதவித் திட்டம் போடுவதை நாம் ஏற்கவில்லை.

நிர்வாகத்திலும் ஒரு சிக்கல். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை பெருந்தோட்டத் துறை அமைச்சின் கீழ் வருகிறது. தேசிய அருங்கலைகள் பேரவை கைத்தொழில் அமைச்சின் கீழ். மரம் ஓரிடம், அதன் ஓலையில் செய்த பெட்டி இன்னோரிடம். ஓலை வேண்டி ஒரு கந்தோருக்கும் சந்தை தேடி இன்னொரு கந்தோருக்கும் அலைவது வெயிலில் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்தான். 2020இல் பத்திக்குக்கும் கைத்தறிக்கும் தனி இராஜாங்க அமைச்சே உருவாக்கப்பட்டது. ஓலைக்கு அமைச்சு கேட்கவில்லை. இரு நிறுவனங்களும் ஒரே மேசையில் அமர்ந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களுக்கு ஒரு கூட்டுத் திட்டம் வகுக்கட்டும் என்றே கேட்கிறோம்.

பிளாஸ்டிக் நாடாவில் பின்னிய கூடைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றைப் பின்னுபவர்களும் எங்கள் அயலவர்களே. அவர்களது வருமானத்துக்கு நாம் எதிரிகள் அல்ல. ஆனால் அந்தக் கூடையைப் "பாரம்பரியக் கைப்பணி" என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதை எதிர்க்கிறோம். எதனால் செய்தது, எந்த ஊரில் செய்தது என்ற இரண்டும் சிட்டையில் இருக்க வேண்டும். லக்சல போன்ற அரச விற்பனை நிலையங்கள் இதைத் தொடக்கிவைக்கலாம்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. சில வாரம் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம், பிறகு ஓடர் இல்லை. இப்படிப் பயின்ற இளம்பெண்கள் ஓலையை மூலையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறோம். கொள்வனவு உறுதி இல்லாத பயிற்சித் திட்டங்களில் எமது சங்கம் இனிப் பங்கேற்காது.

வைத்தியசாலைச் சமையலறைகள், அரச சிற்றுண்டிச்சாலைகள், பிரதேச சபைகளின் சந்தைகள் ஆகியவற்றுக்கு வரும் ஆண்டில் கோரப்படும் கேள்விமனுக்களில் ஈர்க்கு இடியப்பத் தட்டு, நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்குமாறு வட மாகாண நிர்வாகத்தைக் கோருகிறோம். முற்பணமும் வைப்புப்பணமும் கட்ட வசதியில்லாத கிராமியக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும். பொருட்களைத் தரம் பார்த்து, குறித்த நாளில் ஒப்படைக்கும் பொறுப்பை எமது சங்கம் ஏற்கிறது.